ஐந்தாவது கை

1975 அக்டோபரில், காயெடுப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்த ஒரு வாரத்தில், சக்குபள்ளத்துக்கு மேலே இருந்த பாறைமேடு ஏலத்தோட்டத்தின் ஆபீஸ் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். அது உலகப் பெண்கள் ஆண்டாம். அதற்காகச் சுற்றுவட்டாரத் தோட்டங்கள் சேர்ந்து, டிசம்பர் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை வண்டன்மேட்டில் பெண்களுக்கு மட்டும் பால் பேட்மிண்டன் போட்டி நடத்தப் போகின்றன. ஒரு தோட்டத்துக்கு ஐந்து பேர் வரலாம்.

ஆபீஸ் ஆட்கள் அதைப் படித்துச் சிரித்துக்கொண்டு போனார்கள். பாறைமேட்டில் கோர்ட் இருந்தது உண்மைதான். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் பக்கத்தில், சரிவை வெட்டிச் சமப்படுத்திய இடத்தில், இரண்டு கம்பம் நட்டு நெட் கட்டியிருந்தார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் கிளார்க்குகளும், காட்டு வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர்களும் அங்கே மஞ்சள் கம்பளிப் பந்தை அடித்து ஆடுவார்கள். பெண்கள் அந்தப் பக்கம் போவது பச்சைக்காய் மூட்டையை ஸ்டோரில் இறக்கத்தான்.

சிரிக்காமல் படித்தவள் டிஸ்பென்சரி நர்ஸ் புஷ்பமேரி. நாகர்கோவில் பக்கத்துப் பெண், இருபத்து நான்கு வயது, நர்சிங் படித்த காலத்தில் அணியில் ஆடியவள். அன்றைக்கே தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் வீடு வீடாகப் போய்ப் பேர் கேட்டாள். குழந்தைகள் காப்பகத்து ஆயா பொன்னாத்தாள் சரி என்றாள். காயெடுக்கும் பெண்களில் பூமாரியும் அவள் தோழி வேலுத்தாயும் வந்தார்கள். இருவருக்கும் பதினெட்டு வயது. ஐந்தாவது ஆள் மட்டும் கிடைக்கவில்லை.

வேலுத்தாயின் அம்மா அழகுத்தாய்க்கு அப்போது முப்பத்தொன்பது வயது. கம்பத்திலிருந்து கல்யாணமாகி மலையேறி இருபது வருஷமாகியிருந்தது. மகள் ஆடுவதைப் பார்க்க வந்தவள், சரிவில் உருண்டு போன பந்தை ஏலச்செடிகளுக்குள் தேடி எடுத்துக் கொடுத்தாள். நாலு நாள் அதையே செய்தாள். ஐந்தாம் நாள் புஷ்பமேரி அவளிடம் தன் பேட்டை நீட்டினாள்.

“அக்கா, பந்து பொறுக்கினது போதும். நீங்களே நில்லுங்க.”

“நானா? எனக்கு என்ன தெரியும் சிஸ்டர்?”

“எனக்கும் ஒரு காலத்துல தெரியாமத்தான இருந்துச்சு.”

அழகுத்தாய் காட்டு வேலைக்காக இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து ஓரமாக வைத்தாள். பேட்டை இரண்டு கையாலும் கோடாலி போலப் பிடித்தாள். புஷ்பமேரி மெதுவாகப் போட்ட பந்தை நோக்கி முழுப் பலத்தோடு வீசினாள். பந்து தொப்பென்று அவள் காலடியில் விழுந்தது. அடுத்ததும் அப்படியே. மூன்றாவது பட்டது, ஆனால் ஸ்டோர் கூரையைத் தாண்டிப் போயிற்று. பூமாரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வேலுத்தாய் சிரிக்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“என்னையப் பாக்காதீங்கக்கா. பந்த மட்டும் பாருங்க. ஒரு கை போதும்” என்றாள் புஷ்பமேரி.

இருபதாவதோ முப்பதாவதோ, ஒரு பந்து பேட் நரம்புகளின் நட்டநடுவில் பட்டது. அதுவரை கேட்காத ஒரு சத்தம், டப்பென்று. கையில் ஒரு அதிர்வும் இல்லை. பந்து நெட்டை ஒட்டித் தாண்டி, அந்தப் பக்கம் யாருமில்லாத இடத்தில் போய் விழுந்தது. அழகுத்தாய் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். விடிந்தால் அடுப்பு, பிறகு காடு, பிறகு தண்ணீர், மறுபடி அடுப்பு என்று அவள் கை செய்த வேலை எல்லாம் ஏதோ ஒன்றுக்காக இருந்தது. இது எதற்காகவும் இல்லை. அதனாலேயோ என்னவோ, உடனே இன்னொரு தடவை செய்ய வேண்டும் போலிருந்தது.

“இன்னொண்ணு போடுங்க சிஸ்டர்” என்றாள்.

பேட் விஷயத்தில்தான் முதல் தகராறு வந்தது. கிளப் செக்ரட்டரி சகாயம் ஆபீஸில் ஹெட்கிளார்க். பேட்டுகள் இருக்கும் அலமாரிச் சாவி அவர் கையில்.

“சிஸ்டர், நீங்க மெம்பர். தாராளமா ஆடுங்க. காட்டு வேலை பாக்குறவங்கள எப்படிச் சேக்கிறது? கிளப் மெம்பருக்குத்தான் பேட்டு.”

“நோட்டீஸ்ல எஸ்டேட்டுப் பெண்கள்னு போட்டிருக்கு சார். மெம்பர்னு போடலயே.”

சகாயம் எழுந்து போய் நோட்டீஸை மறுபடி படித்துவிட்டு வந்தார். அலமாரியைத் திறந்து மூன்று பேட்டுகளை எடுத்து வைத்தார். ஒன்றில் நரம்பு அறுந்திருந்தது. “அஞ்சு மணிக்குள்ள கோர்ட்டக் காலி பண்ணிரணும்” என்றார்.

மீதிக்குப் பொன்னாத்தாள் வழி சொன்னாள். அவளுக்குச் சொந்த ஊர் பாலக்காட்டுப் பக்கம் வேலந்தாவளம். அவள் புருஷன் லாரி ஓட்டுபவன். “ஏனுங்க சிஸ்டரு, எங்கூட்டுக்காரரு வாரா வாரம் பாலக்காடு போறாருங்க. அங்கத்த பள்ளிக்கூடத்துல பழைய பேட்டு கழிச்சுப் போட்டிருப்பாங்க. வாங்கியாறச் சொல்றனுங்க.” அடுத்த வாரம் அவன் லாரியில் மூன்று பேட்டுகள் வந்தன. பிடி தேய்ந்திருந்தாலும் நரம்பு முறுக்காக இருந்தது.

வேலை முடிந்து நாலு மணிக்கு வந்தால் ஐந்து வரைக்கும் ஆடலாம். அக்டோபர் கடைசியில் மஞ்சு இறங்கியது. எதிர்ப்பக்கம் நிற்கும் ஆள் தெரியாது. நெட்டைத் தாண்டிய பிறகுதான் பந்து கண்ணுக்குத் தெரியும். ஈரத்தில் கம்பளி ஊறி, பந்து நனைந்த துணிமூட்டை போலக் கனக்கும். மற்ற மூவரும் மளமளவென்று கற்றுக்கொண்டார்கள். அழகுத்தாய் மட்டும் பத்துக்கு மூன்றுதான் தொட்டாள். சர்வீஸ் அதைவிட மோசம். இடுப்புக்குக் கீழே பந்தைத் தட்டி எதிர்மூலைக் கட்டத்துக்கு அனுப்ப வேண்டும். அவள் தட்டியது நெட்டில் போய்ச் சிக்கும், இல்லாவிட்டால் கோட்டைத் தாண்டிப் போகும். ஐந்து மணிக்கு முன்னாலேயே வந்து காத்திருக்கும் ஆபீஸ் ஆட்களுக்கு அவள் முறை வந்தால் வேடிக்கை.

ஒரு நாள் வீட்டுக்குப் போகும் வழியில் வேலுத்தாய் நின்றுவிட்டாள்.

“அம்மா, நீ நாளைக்கு வராத.”

“ஏன்டி?”

“எல்லாரும் சிரிக்கிறாக. எனக்கு ஒரு மாதிரியா இருக்கு. உன் வயசுக்கு இது எதுக்கு? சிஸ்டர் வேற யாரையாவது பாத்துக்கிருவாக.”

அழகுத்தாய் விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தாள். மறுநாள் கோர்ட்டுக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம், கஞ்சி குடிக்கும் நேரத்தில், ஸ்டோரின் பின்பக்கம் போனாள். அவள் புருஷன் சோலை அங்கேதான் உலர்த்தும் அடுப்புக்கு விறகு தள்ளும் வேலை பார்த்தான். பின்சுவர் கருங்கல், இரண்டு ஆள் உயரம். ஓரத்தில் கூரை நீட்டிக்கொண்டிருந்ததால் மழை படாது.

அவள் மடியிலிருந்து ஒரு பழைய பந்தையும் முதுகுப் பக்கம் மறைத்து வைத்திருந்த பேட்டையும் எடுத்தாள். சோலை விறகைக் கீழே போட்டுவிட்டுப் பார்த்தான்.

“போகமாட்டேன்னு இருந்தியே.”

“கோர்ட்டுக்குப் போகல. இங்க செவுருதான இருக்கு. செவுரு சிரிக்காதுல்ல.”

கம்பளிப் பந்து சுவரில் பட்டுத் துள்ளி வராது. சோர்ந்து கீழே இறங்கும். அதை எட்டி எடுக்க ஒவ்வொரு முறையும் முன்னால் ஓட வேண்டும், குனிய வேண்டும். முதல் நாள் சேர்ந்தாற்போல் மூன்றுக்கு மேல் அடிக்க முடியவில்லை. சோலை வேலை பார்த்துக்கொண்டே எண்ணினான். ஒரு வாரத்தில் பதினொன்று. பிறகு பத்தொன்பது. ஈரமான பந்தை அவன் அடுப்பு மேட்டில் வைத்துக் காயவைத்துக் கொடுத்தான். சுவரில் கரித்துண்டால் நெட் உயரத்துக்கு ஒரு கோடு இழுத்தான். கோட்டுக்கு ஒரு சாண் மேலே பட்டால் சர்வீஸ் சரி என்று அவர்களாகவே வைத்துக்கொண்டார்கள்.

அங்கே அவளாகவே சில விஷயங்களைக் கண்டுபிடித்தாள். ஓங்கினால் பந்து தப்புகிறது. பேட்டை முன்னாலேயே கொண்டுபோய் வைத்துக் காத்திருந்தால் பந்து தானாக வந்து படுகிறது. கால் போன பிறகு கை போக வேண்டும், கை முதலில் போகக் கூடாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு சர்வீஸ் போட்டால் கோட்டுக்குக் கீழே போகிறது. மூச்சை விட்டுக்கொண்டே போட்டால் மேலே போகிறது. யாரும் சொல்லித் தந்ததில்லை என்பதால் ஒவ்வொன்றையும் அவள் பொக்கிஷம் போல வைத்துக்கொண்டாள். பதினேழாம் நாள் சோலை நூறு என்றான். அன்றைக்கு அவளுக்குத் தோள்பட்டை கழன்று விழுவது போலிருந்தது, ராத்திரி வெந்நீர் ஒத்தடம் கொடுக்கும்போது வேலுத்தாய், “என்னம்மா கையில?” என்றாள். “மூட்ட தூக்கினது” என்றாள் அழகுத்தாய்.

மறுநாள் நாலு மணிக்கு அவள் கோர்ட்டுக்கு வந்தபோது ஐந்தாவது இடம் இன்னும் காலியாகத்தான் இருந்தது. புஷ்பமேரி உடனே பந்தைப் போட்டாள். அழகுத்தாய் திருப்பிப் போட்டாள். இன்னொன்று. திருப்பிப் போட்டாள். புஷ்பமேரி இடது பக்கம், வலது பக்கம், காலடி என்று மாற்றி மாற்றி அடித்தாள். பன்னிரண்டாவது பந்தில் புஷ்பமேரிதான் தவறவிட்டாள்.

“எங்கக்கா கத்துக்கிட்டீங்க?”

“செவுத்துல.”

வேலுத்தாய் அம்மாவையே பார்த்தாள். அம்மாவின் தோள் வலித்தது மூட்டை தூக்கியதால் இல்லை என்று அவளுக்கு அப்போது புரிந்தது. அவள் போய் அம்மாவுக்கு முன்னால் தன் இடத்தில் நின்றாள்.

அன்று காத்திருந்த ஆபீஸ் ஆட்களில் சகாயமும் இருந்தார். “நான் ரெண்டு அடிக்கிறேன், எடுக்கட்டும்” என்று பேட்டோடு எதிர்ப்பக்கம் இறங்கினார். விளையாட்டுக்கு அடிக்கவில்லை, எம்பி எம்பி அடித்தார். எட்டில் ஆறு திரும்பி வந்தது. அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அஞ்சரை வரைக்கும் ஆடுங்க. நாங்க அதுக்குப் பெறகு வாரோம்” என்றார். மறுநாளிலிருந்து அலமாரியில் இருந்த புதுப் பந்துகளும் வந்தன.

போட்டியன்று காலை தோட்டத்து லாரியில் போனார்கள். சோலையும் சகாயமும்கூட ஏறிக்கொண்டார்கள். வெயில் நன்றாக அடித்தது, காற்று இருந்தது. வந்த அணிகள் நாலு. முதல் ஆட்டத்தில் பாறைமேட்டுக்கு எதிரே நின்ற அணி இவர்களைவிடப் புதிது. இரண்டு கேமிலும் சுலபமாக ஜெயித்தார்கள். இறுதி ஆட்டத்தில் எதிரே வந்தது வண்டன்மேட்டுக்குக் கிழக்கே இருந்த பெரிய தோட்டத்து அணி. ஆபீஸர்களின் மனைவிமார் நாலு பேரும் ஒரு நெட்டையான டீச்சரும். எல்லோருக்கும் வெள்ளைக் கான்வாஸ் ஷூ. பாறைமேட்டில் புஷ்பமேரியைத் தவிர எல்லோரும் வெறுங்கால், சேலையைத் தூக்கிச் செருகியிருந்தார்கள்.

பத்துப் புள்ளிகூட ஆகவில்லை, அந்த நெட்டை டீச்சர் பின்கட்டத்தில் நின்ற அழகுத்தாயைக் கவனித்துவிட்டாள். தன் ஆட்களிடம் மலையாளத்தில், “ஆ அம்மச்சிக்குக் கொடுக்கு” என்றாள். அந்தக் கிழவிக்கு அடி என்பது எல்லோருக்கும் புரிந்தது. அதற்குப் பிறகு எல்லாப் பந்தும் அழகுத்தாய்க்கே வந்தது. சுவரில் எண்ணியதும் கோர்ட்டில் பழகியதும் ஒரு கணம் மறந்து போயின. சுற்றிலும் முன்னூறு பேர். அவள் ஓங்கி அடித்தாள். பந்து வெளியே போயிற்று. முதல் கேம் பதினேழுக்கு இருபத்தொன்பது என்று கைவிட்டுப் போனது.

இடைவேளையில் தண்ணீர் குடிக்கும்போது வேலுத்தாய் பக்கத்தில் வந்தாள். அவள் முகம் சிவந்திருந்தது.

“அம்மா, நான் பின்னால உன் எடத்துல நிக்கவா? நீ என் எடத்துக்குப் போ. அங்க அவ்வளவா வராது.”

அழகுத்தாய் செம்பைக் கீழே வைத்தாள். “வேண்டாம்த்தா. எனக்குத்தான வருது. வரட்டும்.”

புஷ்பமேரி அதைக் கேட்டுச் சிரித்தாள். “அப்ப நாம ஆளுக்கு ஓரெடத்தப் பாத்துக்குவோம். அக்கா திருப்பிப் போட்டுட்டே இருக்கட்டும். அவங்க எப்பத் தடுமாறுறாங்களோ அப்ப நாம அடிப்போம்.”

இரண்டாவது கேமில் அழகுத்தாய் ஓங்கவில்லை. பேட்டை முன்னால் வைத்துக்கொண்டு நின்றாள். பந்து வந்தது, திருப்பினாள். வந்தது, திருப்பினாள். அவளை ஓட வைக்க மூலைக்கு அடித்தார்கள், ஓடினாள். காலடியில் அடித்தார்கள், குனிந்து எடுத்தாள். ஒரே பந்து பதினைந்து தடவை இருபது தடவை நெட்டைத் தாண்டியது. அதுவரை பேசிக்கொண்டிருந்த கூட்டம் பேச்சை நிறுத்தியது. எதிரணிக்கு அந்த அம்மச்சியை விட்டு வேறு ஆளுக்கு அடிக்க மனம் வரவில்லை, அவளுக்கே அடித்தும் ஒன்றும் நடக்கவில்லை. அவர்கள் பொறுமையிழந்து தூக்கிப் போட்ட பந்துகளைப் புஷ்பமேரியும் வேலுத்தாயும் மேலேயிருந்து இறக்கினார்கள். இருபத்தொன்பதுக்கு இருபத்தொன்று. கேம் பாறைமேட்டுக்கு.

மூன்றாவது கேம் இழுத்துக்கொண்டே போனது. ஒரு அணிக்கு சர்வீஸ் வந்தால் ஐந்து பேரும் வரிசையாகப் போடலாம். ஒருத்தி புள்ளியைத் தவறவிட்டால் அடுத்தவள். ஐந்து பேரும் தவறவிட்டால் சர்வீஸ் எதிரணிக்குப் போய்விடும். ஒவ்வொருத்தியின் முறையையும் ஒரு கை என்பார்கள். அழகுத்தாய் ஐந்தாவது கை. பாறைமேடு இருபத்தைந்து, எதிரணி இருபத்தேழு என்று நின்றபோது புஷ்பமேரி தவறவிட்டாள். பூமாரி, பொன்னாத்தாள், வேலுத்தாய் மூவரும் அடுத்தடுத்துத் தவறவிட்டார்கள். பந்து அழகுத்தாயின் கைக்கு வந்தது. இனி இதுவும் போனால் எதிரணிக்கு வேண்டியது இரண்டே புள்ளி.

“நின்னு நெதானமாப் போடுங்கக்கா, ஒண்ணும் அவசரமில்லீங்க” என்றாள் பொன்னாத்தாள்.

அழகுத்தாய் மூச்சை விட்டுக்கொண்டே தட்டினாள். பந்து நெட்டை உரசுவது போலத் தாண்டித் தாழ்வாக இறங்கியது. எதிரே நின்றவள் அதைத் தூக்க முடியாமல் நெட்டிலேயே அடித்தாள். இருபத்தாறு.

இரண்டாவது சர்வீஸை டீச்சர் எடுத்தாள். அதிலிருந்து ஆட்டம் நீண்டது. பூமாரி கீழே விழுந்து எழுந்து ஒரு பந்தைக் காப்பாற்றினாள். கடைசியில் புஷ்பமேரி நெட்டுக்கு அருகே மெதுவாக விட்ட பந்துக்கு எதிரணியில் யாரும் ஓடி வரவில்லை. இருபத்தேழு. மூன்றாவதை அழகுத்தாய் டீச்சரின் இடது காலுக்குப் போட்டாள். அந்த அம்மாள் அன்றைக்கெல்லாம் இடது பக்கம் தடுமாறியதை அவள் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். பந்து பேட்டின் கட்டையில் பட்டுப் பக்கவாட்டில் போயிற்று. இருபத்தெட்டு.

நாலாவது சர்வீஸும் சரியாக விழுந்தது. இந்த முறை டீச்சர் அழகுத்தாய்க்கு அடிக்கவில்லை. உயரத் தூக்கி, வேலுத்தாயின் தலைக்கு மேலே, பின்கோட்டை நோக்கி அனுப்பினாள். வேலுத்தாய் இரண்டடி பின்வாங்கி, எம்பி அடிக்க பேட்டைத் தூக்கினாள். பந்து காற்றில் வருவதை அழகுத்தாய் ஓரத்திலிருந்து பார்த்தாள். எவ்வளவு உயரம், எவ்வளவு வேகம், காற்று எந்தப் பக்கம் என்று மனதில் ஒன்றும் ஓடவில்லை. ஆனால் அது எங்கே விழும் என்று அவளுக்குத் தெரிந்தது.

“விடு வேலு.”

ஒரு நொடி. வேலுத்தாய் பேட்டை இறக்கிக்கொண்டு ஒதுங்கினாள்.

பந்து சுண்ணாம்புக் கோட்டுக்கு ஒரு கை அகலம் வெளியே விழுந்தது. நடுவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, பாறைமேட்டுப் பக்கம் கையை நீட்டினார்.

அடுத்து என்ன நடந்தது என்று அழகுத்தாய்க்குச் சரியாக நினைவில்லை. பூமாரி கத்தியது கேட்டது. பொன்னாத்தாள் அவளைத் தூக்கப் பார்த்து முடியாமல் இருவரும் உட்கார்ந்தார்கள். வேலுத்தாய் ஓடிவந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். காதோரம், “எப்படிம்மா தெரிஞ்சுச்சு? நான் அடிச்சிருப்பேன்ம்மா” என்றாள். நெட்டை டீச்சர் வந்து இரண்டு கையாலும் அழகுத்தாயின் கையைப் பிடித்தாள். “சேச்சி, நல்ல களி” என்றாள். அக்கா, நல்ல ஆட்டம் என்று அர்த்தம். அம்மச்சி சேச்சியானதை அழகுத்தாய் கவனித்தாள். கண்ணில் நீர் நின்றாலும் சிரிப்புத்தான் வந்தது.

கப்பைக் கொடுத்த தோட்ட முதலாளி ஒருவர் மைக்கில் பேசினார். ஏலக்காட்டில் நாளெல்லாம் குனிந்து காயெடுக்கிற பழக்கம்தான் இந்த அம்மாவுக்குக் கைகொடுத்திருக்கிறது, உழைப்பாளிகளுக்கு இதெல்லாம் பிறவியிலேயே வரும் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். கப்பை வாங்கும்போது அழகுத்தாய் மைக்குக்குப் பக்கத்தில்தான் நின்றாள். பேச வேண்டும் என்று நினைக்கவில்லை, வந்துவிட்டது.

“பெறவியில வரலங்கய்யா. ரெண்டு மாசமா கத்துக்கிட்டேன்.”

கூட்டம் முன்னைவிடப் பலமாகக் கைதட்டியது. மேடைக்குப் பின்னால் பேட்டுகளைக் கட்டிக்கொண்டிருந்த சகாயமும் கட்டுவதை விட்டுவிட்டுத் தட்டினார்.

திரும்பும்போது லாரி சக்குபள்ளத்தில் டீக்கடை முன்னால் நின்றது. கடைக்காரர் கப்பை வாங்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வெந்நீர் ஊற்றி நன்றாக அலசி, அது நிறைய டீ ஆற்றிக் கொடுத்தார். லாரியில் இருந்த அத்தனை பேரும் ஒரு வாய் குடித்துக் கைமாற்றினார்கள். சோலை குடித்துவிட்டு, “பித்தள வாடை அடிக்குது” என்றான்.

“அடிக்கட்டும். இங்க கொண்டா” என்று அழகுத்தாய் கையை நீட்டினாள். இரண்டு கையாலும் கப்பைப் பிடித்து, அடியில் தங்கிய சர்க்கரை வரைக்கும் அண்ணாந்து குடித்தாள். பிறகு டிரைவரிடம், ஒவ்வொரு லயத்துக்கு முன்னாலும் வண்டியை நிறுத்திப் போகச் சொன்னாள்.